6.0 பவர் ஸ்ட்ரோக் பிக்கப்புக்குக் கூடுதல் ஃபில்டர், கூலர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபோர்டு எஃப்-250, எஃப்-350 பிக்கப்புகளில் 2003 முதல் 2007 வரை 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் டீசல் எஞ்சின் வந்தது. அமெரிக்காவில் கேம்பரோ படகோ இழுக்க ஒரு பழைய டீசல் வண்டி வேண்டும் என்று தேடுகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது பெரும்பாலும் இதுதான். வாங்கின கையோடு கூலன்ட் (எஞ்சினைக் குளிர வைக்கச் சுற்றும் திரவம்) ஃபில்டர் கிட், கியர்பாக்ஸ் கூலர் கிட் என்று தேட ஆரம்பிக்கிறார்கள். டல்லாஸ் பக்கம் என்னிடம் கேட்ட நண்பர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்கள் இவை. உதாரணம் அதிகமும் 6.0தான். வேறு பிக்கப்புக்குப் பொருந்துகிற இடத்தில் அதையும் சொல்லியிருக்கிறேன்.

இந்த ஒரு எஞ்சினுக்கு மட்டும் ஏன் இத்தனை கிட் விற்கிறார்கள்?

இதன் ஆயில் கூலர் இருக்கும் இடமும் அது வேலை செய்யும் விதமும்தான் காரணம். எஞ்சினைச் செய்து கொடுத்தது நேவிஸ்டார் என்ற லாரி கம்பெனி. இன்டர்நேஷனல் லாரிகளில் இதே எஞ்சின் விடி365 என்ற பெயரில் ஓடியது. வி வடிவத்தில் நிற்கும் இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில், ஆயில் ஃபில்டர் கூட்டுக்கு அடியில், ஆயில் கூலர் உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் காற்று படாது. அடுக்கடுக்கான மெல்லிய தகடுகளில் ஒரு பக்கம் ஆயில் ஓடும், மறுபக்கம் கூலன்ட் ஓடும். ஆயிலின் சூட்டைக் கூலன்ட் வாங்கிக்கொள்ளும். கூலன்ட் நுழைந்து போகும் சந்துகள் மிகக் குறுகலானவை.

எஞ்சின் பிளாக்கை இரும்பில் வார்க்கும்போது உள்ளே தண்ணீர் ஓடும் வழிகளை உண்டாக்க மணல் அச்சு வைப்பார்கள். வார்த்த பிறகு மணலை உதறி எடுத்தாலும் மூலை முடுக்கில் கொஞ்சம் தங்கிவிடும். வண்டி ஓட ஓட அது கூலன்டோடு கிளம்பும். பழைய கூலன்டிலிருந்து பிரிகிற சிலிகேட் கசடும் இதோடு சேரும். இரண்டும் போய் அடைகிற முதல் குறுகலான இடம் ஆயில் கூலர். கூலன்டுக்கென்று கம்பெனி ஃபில்டர் எதுவும் வைக்கவில்லை. அதனால் அந்த எஞ்சினின் கூலன்ட் ஃபில்டராக வேலை பார்ப்பது ஆயில் கூலர்தான்.

கதை அதோடு முடிவதில்லை. ஆயில் கூலரைத் தாண்டிய கூலன்ட்தான் அடுத்து இ.ஜி.ஆர். கூலருக்குப் போகிறது. புகைபோக்கிக்குப் போகிற வாயுவில் ஒரு பகுதியைக் குளிர வைத்து மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் கூலர் அது. ஆயில் கூலர் அடைத்தால் இதற்குத் தண்ணீர் குறையும். மிச்சமிருக்கிற கூலன்ட் உள்ளேயே கொதிக்கும், குழாய் வெடிக்கும், கூலன்ட் எஞ்சினுக்குள் போகும். வெள்ளைப் புகை, டப்பாவிலிருந்து பொங்கி வழியும் கூலன்ட், சில சமயம் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் மேல்மூடிக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) போவது என்று செலவு ஏறிக்கொண்டே போகும். எஞ்சின் நடுவில் ஒரு சந்தில் மண் சேர்ந்ததில் தொடங்குகிற வரிசை இது.

என் வண்டியில் அடைத்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எதையும் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஓ.பி.டி. சாக்கெட்டில் (எஞ்சின் கம்ப்யூட்டரின் எண்களைப் படிக்கும் இணைப்பு) செருகும் சின்ன அடாப்டரும் போனில் ஒரு ஆப்பும் போதும். ஆயில் சூடு, கூலன்ட் சூடு இரண்டுக்கும் இந்த எஞ்சினில் கம்பெனியே சென்சார் வைத்திருக்கிறது. டாஷ்போர்டு முள்ளை நம்பாதீர்கள். சூடு ஏறத் தொடங்கி வெகுநேரம் வரை அது நடுவிலேயே நிற்கும்.

எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, சமதளமான நெடுஞ்சாலையில், ஒரே வேகத்தில், 65 மைல் அளவில் இருபது நிமிடம் ஓட்டுங்கள். அப்போது ஆயில் சூட்டுக்கும் கூலன்ட் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 15 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் இருந்தால் நல்லது. அது செல்சியஸில் 8 டிகிரி மாதிரி. கூலன்ட் 192, ஆயில் 201 என்றால் நிம்மதியாக ஓட்டலாம். கூலன்ட் 194, ஆயில் 222 என்றால் கூலர் அடைத்துக்கொண்டிருக்கிறது. டிரெய்லர் மாட்டக் கூடாது. மேடு ஏறும்போதும், சிக்னலில் நிற்கும்போதும், வண்டி சூடேறும் முன்பும் வரும் எண்ணைக் கணக்கில் எடுக்காதீர்கள். பலர் அங்கேதான் பயந்து போகிறார்கள்.

அந்த எண்ணைத் தேதி, மைல், வெளிச் சூட்டோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு நாள் பார்த்த எண்ணைவிட, ஆறு மாதத்தில் அது 7-லிருந்து 12-க்கு ஏறியிருக்கிறது என்பதுதான் அதிகம் சொல்லும்.

கூலன்ட் ஃபில்டர் போட்டால் அடைப்பு சரியாகிவிடுமா?

ஆகாது. இது இனி வரப்போகிற மண்ணைப் பிடிக்கும். ஏற்கெனவே கூலரில் சிக்கியதை இழுத்து வெளியே கொண்டுவராது. வித்தியாசம் 25 டிகிரி இருக்கும் வண்டிக்கு ஃபில்டர் போட்டுவிட்டு ‘சரி, பார்த்துக்கொள்ளலாம்’ என்று மலைக்குக் கிளம்புகிறவர்களை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

சரியான வரிசை இதுதான். முதலில் பழைய ஆயில் கூலர் இருக்கும்போதே கூலன்ட் வழிகளைக் கழுவ வேண்டும். கழுவும்போது கிளம்புகிற கசடு பழைய கூலரிலேயே போய்ச் சேரட்டும். அதன் பிறகு புதுக் கூலர். கடைசியாக ஃபில்டர். கூலரை மாற்றிவிட்டு அப்புறம் கழுவினால் கிளம்பிய மண் முழுவதும் புதுக் கூலருக்குள் போகும். செலவு செய்ததெல்லாம் வீண்.

ஆரோக்கியமான எண் காட்டும் வண்டிக்கு மட்டும் நேராக ஃபில்டரைப் போடலாம். இந்த வண்டிக்கு நான் சிபாரிசு செய்யும் முதல் கூடுதல் சாமான் அதுதான்.

ஃபில்டரில் உண்மையிலேயே ஏதாவது சிக்குகிறதா?

முதல் ஃபில்டரை 1,000 மைலுக்குள் கழற்றிவிடுங்கள். குப்பையில் போடாமல் ஃபில்டர் வெட்டும் கருவியால் மேல் விளிம்பைச் சுற்றி வெட்டித் திறந்து பாருங்கள். ஹாக்சா வேண்டாம். அதன் இரும்புத் தூளே உள்ளே விழுந்து உங்களை ஏமாற்றும். உள்ளே இருக்கும் மடிப்புத் தாளை விரித்து வெயிலில் காய வையுங்கள். ஈரமாக இருக்கும்போது கருஞ்சேறு மாதிரிதான் தெரியும். காய்ந்த பிறகு ஒரு மடிப்பை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் நறநறவென்று இருக்கும். அதுதான் வார்ப்பு மணல். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் கொஞ்சம் எழுந்து ஒட்டும், அது துரு. ஒட்டாமல் தாளிலேயே கிடப்பது மணலும் சிலிகேட்டும்.

இரண்டாவது ஃபில்டரில் இதைவிடக் குறைவாக இருக்க வேண்டும், மூன்றாவதில் இன்னும் குறைவாக. குறையவில்லை என்றால் உள்ளே துரு தொடர்ந்து உருவாகிறது என்று பொருள். அப்போது கூலன்டைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

அதை எந்த ஹோஸில் இணைப்பது?

ஹீட்டர் ஹோஸிலிருந்து ‘T’ வடிவ இணைப்பு ஒன்றைப் போட்டு, கிளை வழியாக ஃபில்டருக்குள் எடுத்து, அழுத்தம் குறைந்த பக்கத்துக்குத் திருப்பி விடுவார்கள். மொத்தக் கூலன்டும் ஃபில்டர் வழியாகத்தான் போக வேண்டும் என்று நேர்வரிசையில் மட்டும் இணைத்துவிடாதீர்கள். ஃபில்டர் அடைக்கிற அன்றைக்கு ஹீட்டரும் நிற்கும். கிளையில் ஓடுவது கொஞ்சம்தான் என்றாலும், சில மணி நேர ஓட்டத்தில் எல்லாக் கூலன்டும் பலமுறை வந்து போய்விடும்.

ஃபில்டரின் இரண்டு பக்கமும் மூடித் திறக்கும் வால்வு (ball valve) அவசியம். அது இருந்தால் ஒரு டம்ளர் கூலன்ட் கூடச் சிந்தாமல் ஃபில்டர் மாற்றலாம். வழியில் ஃபில்டர் ஒழுக ஆரம்பித்தாலும் இரண்டையும் மூடிவிட்டு வீடு வந்து சேரலாம்.

ஃபில்டரைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. லாரிகளுக்கான கூலன்ட் ஃபில்டர்கள் சிலவற்றில் ரசாயனக் கட்டி வைத்திருப்பார்கள், கூலன்டில் கரைந்து சேர்வதற்காக. நீண்ட ஆயுள் கூலன்ட் ஊற்றியவர்களுக்கு அது கூடாது. ரசாயனம் இல்லாத வெற்று ஃபில்டர் என்று கேட்டு வாங்குங்கள்.

எந்தக் கூலன்ட்?

கம்பெனி ஊற்றிக் கொடுத்தது தங்க நிறக் கூலன்ட், சிலிகேட் உள்ளது. இந்த எஞ்சினைப் பல வருடம் கழற்றி மாட்டிய மெக்கானிக்குகள் பெரும்பாலும் கேட்டர்பில்லரின் இ.சி.-1 தரத்துக்குப் பொருந்தும் சிலிகேட் இல்லாத நீண்ட ஆயுள் கூலன்டுக்கு மாறிவிட்டார்கள். நானும் அந்தக் கட்சிதான். மாறும்போது பழையது முழுக்க வெளியேற வேண்டும். கலப்பதற்குக் குழாய்த் தண்ணீர் வேண்டாம், வாலை வடித்த தண்ணீர் ஊற்றுங்கள். டெக்சாஸ் குழாய்த் தண்ணீரின் உப்பு உங்கள் கெட்டிலின் அடியில் எப்படிப் படிகிறதோ அப்படியே கூலருக்குள்ளும் படியும்.

ஆயில் கூலரையே வெளியே கொண்டுவந்து காற்றில் குளிர வைக்கலாம் என்கிறார்களே?

கொண்டுவரலாம். அரிசோனாவின் மேசா நகரில் இருக்கும் புல்லட் ப்ரூஃப் டீசல் இதற்கென்றே ஒரு கிட் விற்கிறது. பள்ளத்தில் இருந்த கூலரை எடுத்துவிட்டு, வண்டியின் முன்பக்கம் காற்று படும் இடத்தில் ஒரு கூலர் வைப்பார்கள். கூலன்டுக்கும் ஆயிலுக்கும் சம்பந்தமே இல்லாமல் போவதால் மண் அடைப்பு என்ற பிரச்சினை வேரோடு போகிறது.

ஆனால் விலை அதிகம், ஆயில் ஓட வேண்டிய ஹோஸின் நீளமும் அதிகம். இந்த எஞ்சினில் ஆயில் வெறும் வழுக்கலுக்கு மட்டும் இல்லை. அதே ஆயிலை முழுச் சுமையில் 3,500 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அளவுக்கு அழுத்தி, அந்த அழுத்தத்தால்தான் இன்ஜெக்டர் டீசலைப் பீய்ச்சுகிறது. ஆயில் போனால் உடனே எஞ்சின் நிற்கும். முன்பக்கம் ஒரு கல் பட்டோ, ஹோஸ் உரசியோ ஒழுகினால் என்ன ஆகும் என்பதை யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். வருடம் முழுவதும் கனமான டிரெய்லர் இழுத்துப் பிழைக்கிறவருக்கு இது தகும். மாதம் ஒருமுறை ஏரிக்குப் படகு கொண்டுபோகிறவர் புதுக் கூலர், நல்ல கூலன்ட், கூலன்ட் ஃபில்டர் மூன்றோடு பல வருடம் நிம்மதியாக இருக்கலாம்.

இ.ஜி.ஆரையே கழற்றி எறிந்துவிட்டால் இந்தத் தலைவலியே இல்லையே?

வேண்டாம். புகைக் கட்டுப்பாட்டு அமைப்பைச் சாலையில் ஓடும் வண்டியிலிருந்து நீக்குவது அமெரிக்காவில் கூட்டரசின் சுத்தக் காற்றுச் சட்டத்துக்கு விரோதம். அப்படிக் கழற்றப்பட்ட டீசல் பிக்கப்புகள் ஐந்தரை லட்சத்துக்கும் மேல் என்று சுற்றுச்சூழல் துறை 2020-இல் கணக்குச் சொன்னது. பலர் செய்கிறார்கள் என்பதால் அந்தப் புகை நம் பிள்ளைகள் மூச்சில் போகாமல் இருக்கப் போவதில்லை. இ.ஜி.ஆரை அப்படியே வைத்துக்கொண்டு உறுதியான குழாய்கள் கொண்ட கூலரை மட்டும் மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. அந்தப் பணத்தைச் செலவழியுங்கள்.

கியர்பாக்ஸுக்குப் பெரிய கூலர் தேவையா?

இந்த எஞ்சினோடு வந்த டார்க்‌ஷிஃப்ட் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குக் கம்பெனி வைத்த கூலரே பெரியது. எவ்வளவு பெரியது என்றால், அதற்கு முந்தைய 7.3 லிட்டர் எஞ்சின் கொண்ட சூப்பர் டியூட்டி (எஃப்-250, எஃப்-350 வரிசையின் பெயர்) வைத்திருப்பவர்கள் பழைய வண்டிக் கடையில் 6.0 வண்டியின் 31 வரிசைக் கூலரைத் தேடிப் பிடித்துத் தங்கள் வண்டியில் மாட்டுகிறார்கள். பளபளப்பான கிட் எதற்கும் இளைத்ததில்லை அந்த மாற்றம்.

ஆகவே இங்கேயும் முதலில் எண்ணைப் பாருங்கள். வெறும் வண்டி ஓடும்போது 160 முதல் 190 ஃபாரன்ஹீட், டிரெய்லரோடு 200-ஐ ஒட்டி என்றால் கவலை இல்லை. நீண்ட மேட்டில் 220 தொட்டால், அதாவது செல்சியஸில் 104, நான் வேகத்தைக் குறைப்பேன். 240-க்கு மேல் அடிக்கடி போகிற வண்டிக்குக் கூலர் வேண்டும். 175-க்கு மேல் ஒவ்வொரு 20 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. இன்றைய சிந்தெடிக் ஆயிலுக்கு அது அப்படியே பொருந்தாது. ஆனாலும் சூடு கூடக் கூட ஆயில் கருகுவது வேகமெடுக்கும் என்பதில் மாற்றமில்லை.

கூலர் வாங்குவதற்கு முன் ஒன்றைச் சோதியுங்கள். கியர்பாக்ஸில் சூடு பிறக்கும் முக்கிய இடம் டார்க் கன்வெர்ட்டர். அது லாக் ஆகாமல் ஆயிலுக்குள் வழுக்கிக்கொண்டே மேடு ஏறும்போது சூடு மளமளவென்று ஏறும். டோ/ஹால் பட்டனை (டிரெய்லர் இழுக்கும்போது போடுவது) அழுத்தி, ஒரு கியர் குறைத்து, எஞ்சினைக் கொஞ்சம் அதிகமாகச் சுற்ற விட்டால் லாக் நிற்கும். எண் இறங்குவதை உங்கள் கண்ணாலேயே பார்ப்பீர்கள். காசு செலவில்லாத கூலர் இது.

இழுவைத் திறனைச் சோதிக்க எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் சங்கம் வகுத்த ஜே2807 தரம் எந்த மேட்டை வைத்து எழுதப்பட்டது என்று தெரிந்தால் கூலர் எதற்கு என்பது புரியும். அரிசோனாவில் டேவிஸ் டாம் பக்கத்திலிருந்து ஏறும் சாலை அது. சுமார் 11 மைலுக்கு மேல், 3,000 அடி உயரம், 100 டிகிரி வெயில், ஏ.சி. முழு வேகத்தில். உங்கள் பயணத்தில் அப்படி ஒரு மேடு இருக்கிறதா? கொலராடோவின் ஐசனோவர் சுரங்கம் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. 11,000 அடியில் காற்று மெலிந்திருப்பதால் அதே கூலர் குறைவாகவே சூட்டை எடுக்கும்.

ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர்பாக்ஸ் கூலரை விட்டுவிடலாமா?

பல பிக்கப்புகளில் கியர்பாக்ஸ் ஆயில் முதலில் ரேடியேட்டர் தொட்டிக்குள் உள்ள சின்னக் கூலருக்குள் போகும். வெயில் ஊரில் அது குளிர வைக்கும், குளிர் ஊரில் ஆயிலைச் சீக்கிரம் சூடாக்கவும் செய்யும். மினசோட்டாவில் இருப்பவர் அதைத் துண்டித்தால் காலையில் கியர் மாறவே சண்டித்தனம் செய்யும்.

துண்டித்தே ஆக வேண்டிய வண்டியும் உண்டு. 2005 முதல் 2010 வரை வந்த நிசான் ஃப்ரன்டியரில் ரேடியேட்டருக்குள் உள்ள கூலர் விரிசல் விட்டுக் கூலன்டும் கியர்பாக்ஸ் ஆயிலும் கலந்துவிடுவது பிரசித்தம். ஸ்ட்ராபெரி மில்க்‌ஷேக் நிறத்தில் நுரைத்து நிற்கும். அதற்குள் கியர்பாக்ஸ் கெட்டிருக்கும். அந்த வண்டி வைத்திருப்பவர் ரேடியேட்டரை மாற்ற வேண்டும், அல்லது அதைத் தவிர்த்து வெளிக்கூலருக்கு மட்டும் ஆயிலைத் திருப்ப வேண்டும். இதை நாளைக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

மற்ற வண்டிகளில் ரேடியேட்டர் முதலில், கூடுதல் கூலர் பிறகு, அங்கிருந்து கியர்பாக்ஸுக்கு என்ற வரிசை நல்லது. கடைசியாகக் குளிர்ந்த ஆயில் உள்ளே போகும்.

எந்த வகைக் கூலர் வாங்குவது, எங்கே மாட்டுவது?

வளைந்து வளைந்து போகும் ஒற்றைக் குழாய்க் கூலர் மலிவு, ஆனால் சூட்டை எடுப்பது குறைவு. அடுக்குத் தகட்டுக் கூலர் அதே அளவில் அதிகம் எடுக்கும். ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது வழி விடுவதிலும் அதுதான் மேல். பிக்கப்புக்கு அடுக்குத் தகடு வாங்குங்கள்.

ஏ.சி. கண்டென்சருக்கு முன்னால் கொஞ்சம் இடைவெளி விட்டு, தனிப் பட்டையில் மாட்ட வேண்டும். மலிவான கிட்டுகளில் பிளாஸ்டிக் ஊசி கொடுப்பார்கள், கண்டென்சர் தகடுகளுக்குள் குத்தி இறுக்க. அப்படி ஒரு ஒர்க்‌ஷாப்பில் மாட்டித் தந்த வண்டி ஒன்றை நான் அவிழ்த்தேன். இரண்டு வருட அதிர்வில் கூலர் லேசாக ஆடி ஆடி, அதன் மூலை கண்டென்சர் குழாயில் அரிசி மணி அளவு பள்ளம் போட்டிருந்தது. ஏ.சி. கேஸ் முழுக்கப் போய்விட்டது. அரை அங்குல அகல இரும்புப் பட்டை இரண்டு வைத்திருந்தால் தப்பியிருக்கும்.

ஹோஸ், கிளாம்ப் எது?

இதில்தான் பலரும் காசு மிச்சம் பிடிப்பார்கள். நானும் பிடித்தேன். கியர்பாக்ஸ் கூலர் வேலைக்குக் கையில் கிடந்த பெட்ரோல் ஹோஸை மாட்டி, ஹார்டுவேர் கடைத் திருகு கிளாம்பால் இறுக்கினேன். ஒரு கோடை மாலையில் டிரெய்லரோடு வரும்போது பின்கண்ணாடியில் மெல்லிய புகை தெரிந்தது. ஓரங்கட்டிக் குனிந்து பார்த்தால் சிவப்பு ஆயில் எக்சாஸ்ட் குழாயில் சொட்டிச் சொட்டிப் பொரிகிறது. திருகு கிளாம்பின் பல் ஹோஸை அறுத்திருந்தது. ஹோஸ் சூட்டில் ரப்பர் பாலாடை மாதிரி மெதுமெதுவென்று ஆகியிருந்தது. தீப்பிடிக்காமல் தப்பியது பாக்கியம். பின் சீட்டில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து எஸ்.ஏ.இ. ஜே1532 என்று மேலேயே அச்சடித்த ஹோஸ்தான் வாங்குகிறேன். கியர்பாக்ஸ் ஆயில் கூலருக்கென்றே உள்ள தரம் அது. உள்பக்கம் பல் வெளித்தெரியாமல் வழவழப்பாக இருக்கும் கிளாம்ப், குழாய் முனையில் ஹோஸ் நழுவாமல் தடுக்கும் புடைப்பு, உரசும் இடமெல்லாம் மேலுறை. எக்சாஸ்டுக்கு மேலே எந்த இணைப்பும் வரக்கூடாது. வேறு வழியில்லை என்றால் இடையில் தகடு வையுங்கள்.

கியர்பாக்ஸ் ஆயிலுக்கு இடையில் ஃபில்டர் போடலாமா?

டார்க்‌ஷிஃப்டில் கம்பெனியே வெளியில் ஒரு ஃபில்டர் வைத்திருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸின் டூராமேக்ஸ் டீசல் வண்டிகளில் வரும் அலிசன் 1000 கியர்பாக்ஸிலும் திருகிக் கழற்றும் ஃபில்டர் உண்டு. இவற்றை ஒழுங்காக மாற்றினாலே போதும். வெளி ஃபில்டர் இல்லாத மற்ற வண்டிகளுக்கு மேக்னிஃபைன் மாதிரி காந்தம் வைத்த சின்ன ஃபில்டர் நல்லது. கூலரிலிருந்து திரும்பி வரும் ஹோஸில், மேலே உள்ள அம்புக்குறி கியர்பாக்ஸைப் பார்க்கும்படி மாட்ட வேண்டும். அடைத்தால் வழி விடும் பைபாஸ் அதற்குள் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கியர்பாக்ஸ் மாற்றிய வண்டிக்கு இது கட்டாயம். பழைய கூலருக்குள் தங்கிய தூள் புதுக் கியர்பாக்ஸைக் கெடுத்துவிடும்.

எஞ்சின் ஆயிலுக்குப் பைபாஸ் ஃபில்டர் பலன் தருமா?

தரும், ஆனால் பலருக்குத் தேவைப்படாது. சாதாரண ஃபில்டர் வழியாக ஆயில் முழுவதும் போக வேண்டும் என்பதால் அதன் துளை ரொம்பச் சின்னதாக இருக்க முடியாது. பைபாஸ் ஃபில்டருக்குச் சின்னத் துவாரம் வழியாக ஆயிலில் ஒரு சிறு பங்கு மட்டும் போய், சில மைக்ரான் அளவுத் தூசியையும் விட்டுவிட்டுச் சம்புக்கு (எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) திரும்பும். தலைமுடி கிட்டத்தட்ட 70 மைக்ரான் என்று வைத்துப் பாருங்கள். இந்த எஞ்சினில் அதே ஆயில்தான் இன்ஜெக்டரையும் இயக்குகிறது. ஆயில் கெட்டு உள்ளே பிசின் படிந்தால் குளிர்ந்த காலையில் இன்ஜெக்டர் ஒட்டிக்கொண்டு எஞ்சின் தடதடக்கும். அதனால் சுத்தமான ஆயிலுக்கு இங்கே மதிப்பு அதிகம்.

ஆனாலும் அந்தக் கிட்டின் பணத்தில் நான் முதலில் ஆயில் பரிசோதனை செய்வேன். இந்தியானாவின் ஃபோர்ட் வெய்னில் உள்ள பிளாக்ஸ்டோன் லேபுக்குச் சின்னக் குப்பியில் ஆயில் அனுப்பினால் இரும்பு, சிலிகான், சோடியம், பொட்டாசியம் என்று பிரித்துச் சொல்வார்கள். சிலிகான் கூடியிருந்தால் காற்று ஃபில்டர் பக்கம் தூசி நுழைகிறது. சோடியமும் பொட்டாசியமும் கூடினால் கூலன்ட் ஆயிலுக்குள் வருகிறது. அந்த நிலையில் எந்த ஆயில் ஃபில்டரும் காப்பாற்றாது.

இன்னொன்று. இந்த எஞ்சினுக்குக் கடையில் விற்கும் சில ஆயில் ஃபில்டர்களின் உயரமும் மூடியும் கம்பெனியுடையதுபோல இல்லை. கூட்டுக்குள் இருக்கும் வடிகால் வால்வு சரியாக மூடாமல் போய், ஆயில் ஃபில்டர் வழியாகப் போகாமலேயே சம்புக்குத் திரும்பிவிடும். கம்பெனி மூடி, அதற்குரிய ஃபில்டர் இரண்டையும் தவிர வேறு எதையும் போடாதீர்கள். 15 குவார்ட் (சுமார் 14 லிட்டர்) ஆயில் ஊற்றும் எஞ்சினில் ஃபில்டரில் மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை.

டீசலுக்கு?

6.0-இல் ஏற்கெனவே இரண்டு ஃபில்டர் உண்டு, வண்டியின் அடிச்சட்டத்தில் ஒன்று, எஞ்சின் மேல் ஒன்று. இரண்டையும் ஒன்றாக மாற்றி, கீழே உள்ளதில் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிடுங்கள். 45 பி.எஸ்.ஐ.க்குக் கீழே அழுத்தம் இறங்கினால் இன்ஜெக்டருக்கு ஆபத்து. கூடுதல் ஃபில்டரைவிட ஒரு அழுத்த மீட்டர் இங்கே அதிகம் உதவும்.

டூராமேக்ஸ் 2011 முதல் 2016 வரை உள்ளவர்கள் நிலைமை வேறு. அதில் உள்ள சி.பி.4 என்ற உயர் அழுத்த டீசல் பம்ப் டீசலின் வழுக்கலையே நம்பி இயங்குகிறது, தொட்டியிலிருந்து தள்ளித் தர கம்பெனி பம்ப்பும் வைக்கவில்லை. தண்ணீரோ காற்றோ கலந்து பம்ப் தேய்ந்தால் அந்த இரும்புத் தூள் இன்ஜெக்டர் வரை போகும். ஃபாஸ், ஏர்டாக் மாதிரி தண்ணீரையும் காற்றையும் பிரித்துத் தள்ளிக் கொடுக்கும் பம்ப் அங்கே நியாயமான செலவு.

பவர் ஸ்டியரிங், டிஃபரென்ஷியல்?

6.0 வண்டியில் பிரேக்குக்கு உதவும் ஹைட்ரோபூஸ்டும் ஸ்டியரிங் ஆயிலில்தான் ஓடுகிறது. திரும்பும் ஹோஸில் சின்னக் காந்த ஃபில்டர் போடுவது மலிவான நல்ல காரியம். டிஃபரென்ஷியலுக்கு (அச்சில் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் கியர் கூடு) அலுமினிய மூடி அழகு. கொஞ்சம் கூடுதல் ஆயில் பிடிக்கும், ஆனால் உள்வடிவம் தப்பாக இருந்தால் ஆயில் சுழல வேண்டிய விதத்தையே கெடுக்கும். அந்தப் பணத்தில் கியர் ஆயிலை மாற்றுங்கள்.

வாரண்டி போய்விடுமா?

வெளிச் சாமான் போட்டதற்காகவே கம்பெனி வாரண்டியை மறுக்க முடியாது. 1975-இன் மாக்னசன்-மாஸ் சட்டம் அப்படிச் சொல்கிறது. நீங்கள் போட்டதால்தான் பழுது வந்தது என்று அவர்கள் காட்ட வேண்டும். ஒழுகிய ஹோஸால் கியர்பாக்ஸ் போனால் அதை எளிதாகக் காட்டிவிடுவார்கள்.

புது வண்டியில் கியர்பாக்ஸ் 200 காட்டுகிறது, கூலர் மாட்டட்டுமா?

அவசரம் வேண்டாம். இப்போதைய ஆட்டோமேட்டிக்குகள் பலவற்றில் ஆயில் வேண்டிய சூட்டை அடையும் வரை கூலருக்குப் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் உண்டு. மெல்லிய ஆயில் சூடாக இருந்தால் மைலேஜ் கிடைக்கும் என்று கம்பெனியே வைத்தது. அந்தத் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது எத்தனை பெரிய கூலர் மாட்டினாலும் எண் மாறாது. உங்கள் வண்டியின் கையேடு என்ன சொல்கிறது என்று பார்த்து, டிரெய்லரோடு மேடு ஏறும்போது வரும் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுங்கள்.

மாட்டி முடித்த பிறகு என்ன பார்க்க வேண்டும்?

எஞ்சினை ஓட விட்டு, கீழே ஒரு பெரிய அட்டையை விரித்து, பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். கியர்பாக்ஸ் ஆயில் அளவைச் சூட்டில் பாருங்கள். கூலரும் ஹோஸும் கொஞ்சம் குடித்திருக்கும். கூலன்ட் வேலை என்றால் காற்று வெளியேறும் வரை ஹீட்டரை முழுதாக வைத்து ஓட்டி, எஞ்சின் ஆறிய பிறகு மட்டும் மூடியைத் திறந்து நிரப்புங்கள். முதல் 50 மைலுக்குப் பிறகு ஒவ்வொரு கிளாம்பையும் கையால் தொட்டுப் பார்த்து மறுபடி இறுக்குங்கள். அப்புறம் அதே சாலையில், அதே வேகத்தில், அதே இருபது நிமிடம் ஓட்டி, வந்த எண்ணைப் பழைய எண்ணுக்குக் கீழே எழுதுங்கள்.